மாத வாடகையும் மழைநேரப் படமும்

2003 செப்டம்பர் 1, திங்கட்கிழமை. முந்தின இரவு வரை தெரிந்துகொண்டிருந்த விளையாட்டுச் சேனல்களும் ஆங்கிலப் படச் சேனல்களும் சென்னை வீடுகளில் அன்று காணாமல் போயிருந்தன. வயர் எங்கும் அறுந்துவிடவில்லை. கேபிள்காரரைக் கோபித்துக்கொண்டும் பயனில்லை. சி.ஏ.எஸ். என்ற புதிய முறை அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. கட்டணச் சேனல் வேண்டுமென்றால் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து செட்டாப் பாக்ஸ் வாங்க வேண்டும். வேண்டாமென்றால் மாதம் 72 ரூபாயும் வரியும் கட்டி, கட்டணமில்லாத சேனல்களை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். டெல்லி, மும்பை, கொல்கத்தா நகரங்களும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம் இது. அவை ஒவ்வொரு காரணம் சொல்லித் தள்ளிப்போட, சோதனை எலியாகச் சென்னை மட்டும் அகப்பட்டது. மற்ற மூன்று நகரங்களின் சில பகுதிகளுக்கு இந்த முறை வந்து சேர 2006 டிசம்பர் 31 ஆயிற்று.

ஏற்பாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுவரை கேபிள்காரர் தன்னிடம் எத்தனை இணைப்பு இருக்கிறதென்று சேனல்காரர்களுக்குக் குறைத்துச் சொல்வார். அந்த நஷ்டத்தை ஈடுகட்டச் சேனல்காரர்கள் விலையை ஏற்றுவார்கள். நடுவில் நிற்கிற வீட்டுக்காரர், பார்க்காத சேனலுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவார். பெட்டி வந்தால் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கு தெளிவாகிவிடும், பார்ப்பதற்கு மட்டும் கட்டினால் போதும் என்பது திட்டம். காகிதத்தில் இதைவிட நல்ல திட்டம் போட முடியாது.

சென்னை வீடுகளில் பெரும்பாலானவை பெட்டியை வாங்கவில்லை. ஊர்வலமோ மறியலோ நடத்தவில்லை, வாங்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். தமிழ்ச் சேனல்களில் பெரும்பாலானவை கட்டணமில்லாமலே கிடைத்துக்கொண்டிருந்தன. மாமியாருக்கு மெகா சீரியல் தெரிந்தது, பிள்ளைகளுக்குப் பாட்டு தெரிந்தது, செய்தியும் தெரிந்தது. கிரிக்கெட் மட்டும்தான் குறை. 2004இல் இந்திய அணி பாகிஸ்தானுக்குப் போனபோது அதற்கும் ஒரு வழி பிறந்தது. உச்ச நீதிமன்ற உத்தரவால் அந்தப் போட்டிகள் தூர்தர்ஷனிலும் வந்தன. தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களைத் தனியார் சேனல்கள் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்தே ஆக வேண்டும் என்று 2007இல் தனிச் சட்டமும் வந்துவிட்டது.

மக்கள் ஒரு கருவியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அறிய நிறுவனங்கள் கேள்வித்தாளோடு வீடு வீடாக ஆள் அனுப்புகின்றன. திண்ணையில் உட்கார்ந்து யாரும் உண்மையான பதிலைச் சொல்வதில்லை. வாங்காமல் இருப்பது, பாதியில் நிறுத்துவது, பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்வது, கழற்றி வைத்த பழையதையே மறுபடி மாட்டுவது ஆகியவைதான் வீடுகள் தரும் பதில். கடந்த நாற்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டு வீடுகள் இப்படித் தந்த பதில்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. படம் எவ்வளவு துல்லியம் என்ற கேள்வி வரிசையில் பின்னால்தான் நிற்கிறது. மாதாமாதம் எவ்வளவு, அந்தத் தொகை திடீரென்று ஏறாமல் இருக்குமா, கோளாறென்றால் யாரைக் கூப்பிடுவது என்பவை முன்னால் நிற்கின்றன.

பழைய கதையிலிருந்தே இதைப் பார்க்கலாம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதன் அலை எட்டாத கடற்கரை ஊர்களில், 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிக்க மாடியில் உயரமான கம்பம் நட்டு ஆன்டெனாவைத் திருப்பினார்கள். படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. அதைப் பற்றி யாரும் குறைப்பட்டதாகத் தெரியவில்லை. ஏனென்றால் கம்பத்துக்கும் ஆன்டெனாவுக்கும் கொடுத்ததோடு செலவு முடிந்தது. எண்பதுகளில் வீடியோ கேசட் ஓட்டும் ‘டெக்’ வந்தபோது அதைச் சொந்தமாக வாங்கியவர்கள் குறைவு. கலர் டிவி, டெக், மூன்று கேசட் என்று ஒரு ராத்திரிக்கு வாடகை பேசி, தெருவே காசு போட்டு, விடிய விடியப் பார்த்தது. வீட்டுப் பொழுதுபோக்குக் கருவி என்று ஜப்பான் நிறுவனங்கள் எண்ணிச் செய்ததைத் தமிழ்நாடு தெருப் பொழுதுபோக்காக மாற்றிக்கொண்டது. பீட்டாமேக்ஸா விஎச்எஸ்ஸா என்று உலகமே அடித்துக்கொண்ட சண்டை இங்கே வாடகைக் கடைக்காரரின் அலமாரியிலேயே முடிந்துவிட்டது. அவரிடம் எது இருந்ததோ அதுதான் ஊருக்கு.

2006 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்து, அந்த ஆண்டு அண்ணா பிறந்தநாளில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் இந்தக் கணக்கை வேறு பக்கம் தள்ளியது. 14 அங்குலப் பெட்டிகள் ஒன்றரைக் கோடிக்கு மேல் வீடுகளுக்குப் போயின. சோறா டிவியா என்று ஒரு பக்கம் விவாதம் நடந்தது. திட்டத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013இல்தான் தீர்ப்பு வந்தது. மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒன்றை வீடுகள் முதல் மாதமே கண்டுகொண்டன. பெட்டி இலவசம், கேபிள் இலவசமில்லை. ஒரு முறை கிடைத்த தானத்தோடு மாதாமாதம் ஒரு கடன் சேர்ந்து வந்திருந்தது.

அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு மதிப்பு வந்தது இதனால்தான். 2007இல் தொடங்கி, இடையில் முடங்கிக் கிடந்த அந்த நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு தரத் தொடங்கியது. அதற்கு முன் ஊருக்கு ஊர் நூறு, நூற்றைம்பது என்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்படியும் முணுமுணுப்பு நிற்கவில்லை. தொடக்கத்தில் அந்த 70 ரூபாய் வரிசையில் சன் குழுமத்தின் கட்டணச் சேனல்கள் இல்லை. சன் டிவி இல்லாத கேபிள் எதற்கு என்று வீடுகள் கேட்டன. விலை குறைவாக இருந்தால் மக்கள் எதையும் ஏற்பார்கள் என்று எண்ணுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குறைந்த வாடகை தேவைதான்; ஆனால் ராத்திரி ஏழு மணிக்கு மேல் வீடு எதைப் பார்க்குமோ அது அந்த வாடகைக்குள் இருந்தாக வேண்டும். சி.ஏ.எஸ். சென்னையில் தோற்றதற்கும் 70 ரூபாய்க் கேபிள் முதலில் தடுமாறியதற்கும் காரணம் ஒன்றே: அங்கே தமிழ்ச் சேனல் பெட்டி இல்லாமலே கிடைத்தது, இங்கே வாடகைக்குள் கிடைக்கவில்லை.

கூரைமேல் சின்னக் குடையைக் கவிழ்த்து வைத்ததுபோல், செயற்கைக்கோளிலிருந்து நேராக வீட்டுக்குச் சேனல் தரும் டிடிஎச் வந்தபோது படத்தரத்தில் அது கேபிளை வென்றுவிட்டது என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. டிஷ் டிவி 2003இலும் டாடா ஸ்கை 2006இலும் வந்தன, 2007 கடைசியில் சன் டைரக்ட் சேர்ந்துகொண்டது. இரைச்சல் இல்லை, நிழல் படம் இல்லை. ஐப்பசி பிறந்ததும் கதை மாறியது. வானம் இருட்டிக்கொண்டு வந்தால் ‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்து. டிடிஎச் பயன்படுத்துவது 12 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய கேயு அலைவரிசை. இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த அலையைக் கனமழையின் துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. கேபிள்காரர் தன் மொட்டைமாடியில் வைத்திருக்கும் பெரிய டிஷ் பிடிப்பது 4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய சி அலைவரிசை. அலை நீளம் அதைப் போல மூன்று மடங்கு, மழை அதை அவ்வளவாகத் தொடாது. வீட்டில் அடைந்து கிடந்து டிவி பார்க்க வேண்டிய அடைமழை நாளில் நவீனமானது நின்றுபோகும், பழையது ஓடும்.

அதற்காகக் கேபிளைத் தலையில் தூக்கி வைக்கவும் முடியாது. இரண்டு தெரு தள்ளி ஒரு கம்பத்தில் மாட்டியிருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் போனால் இங்கே படம் போகும். தமிழ்நாட்டின் கடும் மின்வெட்டு ஆண்டுகளில் இன்வெர்ட்டர் வைத்திருந்த வீடுகளுக்கு இந்தப் பாடம் நன்றாகத் தெரியும்: டிவிக்குக் கரண்ட் இருக்கும், கேபிளுக்கு இருக்காது. ஆனால் கேபிளில் படம் போனால் கூப்பிடுவதற்கு ஒரு மனிதர் இருந்தார். வாடகை வாங்க மாதம் ஒரு முறை வாசலில் நிற்கிற அதே மனிதர். அவரைத் திட்டலாம், இந்த மாதம் இல்லை, அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லலாம். டிடிஎச்சில் ரீசார்ஜ் முடிந்த நள்ளிரவில் படம் நிற்கும். தவணை சொல்ல ஆளில்லை. ‘தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்’ என்ற குரலோடு பேரம் பேச முடியாது. 2022 நவம்பரில் மென்பொருள் கோளாறால் அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸ்கள் மாநிலத்தின் பல பகுதிகளில் வேலை செய்யாமல் நின்றன. கோளாறு எங்கோ ஒரு சர்வரில். ஏச்சு வாங்கியது தெருவில் நடமாடுகிற ஆபரேட்டர்கள்.

2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. பதினாறு ஆண்டு கழித்து, சி.ஏ.எஸ். சொன்ன அதே வாக்குறுதி, இந்த முறை நாடு முழுவதற்கும். பார்ப்பதற்கு மட்டும் கட்டு. நூறு சேனல் வரை இணைப்புக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. சன் டிவி 19, கேடிவி 19, விஜய் 17. மூன்றும் சேர்ந்து 55, வரியோடு 64 ரூபாய் 90 காசு. ஆக மூன்றே மூன்று சேனல் விரும்புகிற ஒரு தமிழ்க் குடும்பம் 218 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. 70 ரூபாய்க் கேபிளை இன்னும் மறக்காத வீட்டில் இந்தக் கணக்கு எப்படி இறங்கியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அதிகம் பார்க்கப்படும் பத்துச் சேனல்களைத் தேர்ந்தெடுப்பவரின் மாதச் செலவு 230–240 ரூபாயிலிருந்து 300ஐத் தொடலாம் என்று கிரிசில் தரமதிப்பீட்டு நிறுவனம் அப்போதே கணக்கிட்டுச் சொன்னது.

இதில் வியப்பு என்னவென்றால், தேர்வு செய்யும் உரிமையையே மக்கள் சுமையாகக் கண்டார்கள். நூற்றுக்கணக்கான சேனல்களின் விலைப்பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, தாத்தாவுக்கு எது, பேத்திக்கு எது என்று டிக் அடிக்க எத்தனை வீட்டில் ஆள் உண்டு? பலரும் பட்டியலைக் கேபிள்காரரிடமே திருப்பிக் கொடுத்து, எல்லாருக்கும் போடுவதையே போட்டுவிடுங்கள் என்றார்கள். ‘பேக்’ என்ற சொல் வீட்டுத் தமிழில் நிலைத்தது அப்போதுதான். தனித்தனியாக வாங்கினால் கூடுதல் விலை, மூட்டையாக வாங்கினால் மலிவு என்று சேனல் நிறுவனங்கள் விலை வைத்ததால், பார்க்காத சேனலுக்குக் கட்டுவது என்ற பழைய கதை சட்டப்படியே தொடர்ந்தது. முணுமுணுப்பு சட்டமன்றம் வரை எட்டியது. அரசு கேபிள் கட்டணத்தை 130 ரூபாயும் ஜிஎஸ்டியுமாகக் குறைப்பதாக அந்த ஆண்டே அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார்.

கடையில் வேறொரு உலகம் நடக்கிறது. 43 அங்குலம், 4கே, எச்டிஆர் என்று அட்டையில் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். விளம்பரக் காணொளி பளபளக்கிறது. அதை வீட்டு ஹாலுக்குக் கொண்டுவந்து கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 43 அங்குலத் திரையின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். 4கே என்றால் அதில் வரிசைக்கு 3,840 புள்ளிகள். ஒரு புள்ளி கால் மில்லிமீட்டர். சாதாரணக் கண்ணின் கூர்மையைக் கொண்டு கணக்கிட்டால் அந்தப் புள்ளியைத் தனியாகப் பிரித்தறிய 85 சென்டிமீட்டர் பக்கத்தில் போக வேண்டும். ஃபுல் எச்டி புள்ளிக்கே 1.7 மீட்டர்தான் எல்லை. நம் ஹாலில் சோஃபா கிடப்பது எட்டடி, பத்தடி தள்ளி. அதாவது இரண்டரை, மூன்று மீட்டர். பணம் கொடுத்து வாங்கிய புள்ளிகள் அங்கே இருக்கின்றன, கண்ணுக்குத்தான் எட்டவில்லை.

அதைவிட வேடிக்கை, அந்தத் திரையில் ஓடுவது பல வீடுகளில் எஸ்டி சேனல். அதன் படம் 720க்கு 576 புள்ளி. 4கே திரையில் இருப்பது சரியாக அதைப் போல 20 மடங்கு. சீரியல் நாயகி அழும்போது திரையில் தெரியும் ஒவ்வொரு 20 புள்ளியிலும் 19ஐ டிவியே ஊகித்துப் போட்டிருக்கிறது. எச்டி சேனலுக்குத் தனிக் கட்டணம் என்பதால் முப்பதாயிரம் ரூபாய் டிவி வாங்கிய வீடு மாதம் சில பத்து ரூபாயைக் கூட்டத் தயங்குகிறது. கடைக்காரர்கள் இதை அறியாமை என்பார்கள். அப்படியல்ல. முப்பதாயிரம் ஒரு தடவை. தீபாவளிப் பணமோ தவணையோ எப்படியோ தீர்ந்துவிடும். மாதம் இருபது ரூபாய் தீராது.

ஒலியைப் பற்றிய குறை தனி. பாட்டு அலறுகிறது, பேச்சு கேட்கவில்லை என்று ரிமோட்டைக் கையிலேயே வைத்திருக்கும் பெரியவர்களை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். தட்டையான டிவியில் ஸ்பீக்கர் முகம் காட்ட இடமில்லாமல் கீழே பார்த்தபடி இருக்கிறது. பழைய குண்டு டிவியில் அது முன்னால் இருந்தது.

ஸ்ட்ரீமிங் காலம் வந்ததும் வாடகைக் கணக்கு கலைந்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். தமிழ்நாட்டில் அதன் முன்னோட்டம் 2013இலேயே நடந்திருக்க வேண்டியது. ‘விஸ்வரூபம்’ படத்தைத் திரையரங்கில் வெளியாவதற்கு முந்தைய இரவே டிடிஎச்சில் ஆயிரம் ரூபாய்க்குக் காட்டக் கமல்ஹாசன் திட்டமிட்டார். திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்தார்கள், அது நடக்கவில்லை. நடந்திருந்தால் டெக் காலம் திரும்பியிருக்கும். ஒரு வீட்டில் ஆயிரம், ஹாலில் இருபது பேர், தலைக்கு ஐம்பது. ஏழு ஆண்டு கழித்து, பொதுமுடக்கத்தில், 2020 மே 29இல் ‘பொன்மகள் வந்தாள்’ நேராக அமேசான் பிரைமுக்கு வந்தது. அதற்கும் திரையரங்குகள் கொதித்தன. இந்த முறை அவர்களால் நிறுத்த முடியவில்லை. நவம்பரில் ‘சூரரைப் போற்று’ வந்தபோது பாட்டிமாருக்கும் பாஸ்வேர்டு என்ற சொல் தெரிந்திருந்தது.

அந்தப் பாஸ்வேர்டுதான் அடுத்த சண்டைக்கு வித்து. ஒரு கணக்கு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று 2023 ஜூலை 20இல் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் அறிவித்தது. வீடு என்றால் ஒரே கூரை என்பது அந்த நிறுவனத்தின் பொருள். அப்பா அம்மா தஞ்சாவூரில், மகன் பெங்களூரில், மகள் துபாயில் என்று இருக்கும் குடும்பம் தன்னை ஒரே வீடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தது. ரேஷன் கார்டில் பெயரைப் பிரிக்க மனம் வராத குடும்பத்திடம் டிவி கணக்கைப் பிரி என்றால் எப்படி இருக்கும்? பிறகு விளம்பரம் வந்தது. கேபிளை விட்டு மக்கள் ஓடியதற்குச் சொன்ன முதல் காரணமே அதுதான். 2025 ஜூன் 17 முதல் பிரைம் வீடியோவில் படத்துக்கு நடுவே விளம்பரம் வருகிறது. ஆண்டுச் சந்தா 1,499 ரூபாய். விளம்பரம் வேண்டாம் என்றால் மேலும் 699. கேபிள் சேனல்களுக்காவது மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று 1994ஆம் ஆண்டு விதி ஒன்று உண்டு, எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது வேறு கதை.

வாங்குவதற்கு முன் நட்சத்திரக் குறிகளைப் பார்க்கிற பழக்கம் இப்போது சின்ன ஊர்களிலும் வந்துவிட்டது. காசு கொடுத்து எழுதவைக்கும் பொய்யான பாராட்டுகளைத் தடுக்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. தொடக்கத்தில் விரும்புகிறவர்கள் பின்பற்றலாம் என்ற அளவில். பொய்யை விலக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒரு சிக்கல் மிஞ்சும். ‘சூப்பர் டிவி, ரெண்டே நாள்ல வந்துடுச்சு’ என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. பெட்டியைப் பிரித்த அன்றைக்கு எழுதியிருக்கிறார். அவர் மதிப்பிட்டது கூரியரை. நான்காம் ஆண்டு பேனலில் கோடு விழுந்து, மாற்றும் செலவு புது டிவி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது அவர் திரும்பி வந்து எழுதுவதில்லை. பேனல் நன்றாக இருந்தாலும் டிவி செத்துப்போகலாம். அமெரிக்காவில் 2010, 2011ஆம் ஆண்டுகளில் விற்ற சில சாம்சங் ஸ்மார்ட் டிவிகளில் 2019 டிசம்பரோடு நெட்ஃபிளிக்ஸ் செயலி நின்றுபோனது. திரை பழுதில்லை, மின்சாரம் இருந்தது. அந்தச் செயலி மட்டும் அந்தப் பெட்டியை விட்டுப் போய்விட்டது.

எனவே டிவி வாங்கப் போகிறவர்கள் ஏரியா மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவது நட்சத்திரங்களை எண்ணுவதைவிட உருப்படியான காரியம். எந்தக் கம்பெனியின் உதிரிபாகம் கிடைக்கிறது, எது அவர் கடையில் குப்பையாகக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

2003இல் சென்னை செய்ததை இப்போது நாடு செய்துகொண்டிருக்கிறது. டிராய் கணக்கின்படி 2024 மார்ச்சில் சுமார் 6.2 கோடியாக இருந்த டிடிஎச் சந்தாதாரர்கள் ஓராண்டில் சுமார் 5.7 கோடியாகக் குறைந்துவிட்டார்கள். ரீசார்ஜ் செய்யவில்லை, அவ்வளவுதான். இதற்கு நடுவே, 2024 ஜூலையில், அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் டிராய் நீக்கியது. இணைப்புக் கட்டணம் எவ்வளவு என்பதை இனி நிறுவனங்களே முடிவு செய்யலாம், வாங்கும் தொகையை வெளிப்படையாக அறிவித்தால் போதும். இந்த மாத ரசீதிலோ செயலியிலோ அந்தக் கட்டணம் எத்தனை ரூபாய் என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.